சர்ரியலிசப் படமெடுத்த பிரபுவின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

பிரபு குடும்பத்தில் பிறந்து திரைப்படத்துக்கு வந்தவர்களைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. கோட்டை, சலிப்பு, கிளர்ச்சி, அவதூறு, தனிமை என்ற வரிசையில் வாழ்க்கை அடுக்கப்படுகிறது. பட்டத்தை உதறிவிட்டுக் கலைக்கு வந்தார் என்ற ஒற்றை வாக்கியம் அனைத்தையும் விளக்கிவிட்டதாக எழுதுபவரும் நம்பிவிடுகிறார். 1920களின் இறுதியில் பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் உருவான, கனவின் போக்கைக் கலையாக்க முயன்ற சர்ரியலிசத் திரைப்படங்களின் வரலாற்றைக் கவனமாகப் படிப்பவருக்கு அந்த வாக்கியம் உண்மைக்கு எதிர்த்திசையில் நிற்பது தெரியவரும். அங்கே பட்டம் உதறப்படவில்லை. பட்டத்தோடு வந்த பணமும் ஓய்வும் அறிமுகங்களுமே, வணிகத் தயாரிப்பாளர் எவரும் தொடத் துணியாத படங்கள் எடுக்கப்படுவதற்கு வழி செய்தன. இதை முதலில் ஏற்றுக்கொண்டு எழுதத் தொடங்கினால்தான் வாழ்க்கை வரலாறு வாழ்க்கை வரலாறாக இருக்கும். இல்லையெனில் அது புனைவுதான்.

இந்த வழிகாட்டியில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆன்றி துர்செலை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். 1900இல் பிறந்து 1974இல் மறைந்த அவர் கவுன்ட் பட்டத்தோடு வளர்ந்தவர், பின்னாளில் தம் குலத்தின் எட்டாவது டியூக் ஆனவர். 1929இல் ‘லா பெர்ல்’ என்ற மௌனப் படத்தை இயக்கினார். ‘முத்து’ என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்தப் படம் அரைமணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும். இயக்குநராக அவர் பெயரை இன்று நிலைநிறுத்துவது அந்த ஒரு படம்தான். புகழ்பெற்றவர்களின் வாழ்க்கையை எழுதிப் பழகுவதைவிட, இத்தகைய ஒரு படக்காரரின் வாழ்க்கையை எழுதிப் பழகுவது நல்ல பயிற்சி என்பது என் உறுதியான கருத்து. தகவல்கள் குறைவாக இருக்கும்போது ஒவ்வொன்றையும் எடைபோட்டு வைக்கவேண்டியிருக்கிறது. இட்டு நிரப்பும் பழக்கம் தானாகக் குறைகிறது.

குலவரலாறு எவ்வளவு வேண்டும்

பிரபு குடும்பங்களின் குலவரலாறு எழுதுபவரை எளிதில் உள்ளிழுத்துக்கொள்ளும். பட்டயங்களும் திருமண உறவுகளும் கோட்டைகளும் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். அவற்றுள் எந்தத் தகவல் உங்கள் நாயகரின் படத்தோடு ஏதேனும் ஒரு நூலிழையிலாவது தொடர்பு கொள்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றை விட்டுவிட வேண்டும்.

துர்செல் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் நான் மூன்று தகவல்களை மட்டும் வைத்துக்கொள்வேன். முதலாவது, இந்தக் குலம் போர்க்களத்தில் தோன்றியதன்று. ஆண்ட்வெர்ப் நகரத்தின் பெருவணிகர்களும் வங்கியாளர்களுமான ஷெட்ஸ் குடும்பத்திலிருந்து வந்தது. கொன்ராட் ஷெட்ஸ் என்பவர் தம்மைத் தத்தெடுத்த உறவினரின் வழியாக 1617இல் துர்செல் என்ற பெயரை ஏற்றார். இரண்டாவது, ஆன்றியின் தாத்தாவும் ஆறாவது டியூக்குமான ஜோசஃப் 1899 முதல் 1903 வரை பெல்ஜிய செனட்டின் தலைவராக இருந்தார். ஆகவே ஆன்றி பிறந்தபோது அந்தக் குடும்பம் பழம்பெருமையோடு மட்டும் வாழ்ந்துகொண்டிருக்கவில்லை, நாட்டை ஆளும் இடத்திலேயே இருந்தது. மூன்றாவது, ஆண்ட்வெர்ப் மாகாணத்தில் ஹிங்கன் என்ற ஊரிலுள்ள அவர்களுடைய கோடைக்கால மாளிகைக்கு 18ஆம் நூற்றாண்டில் புதுத் தோற்றம் கொடுத்தவர் செர்வாந்தோனி. அவர் கட்டடக் கலைஞர் மட்டுமல்லர், ஐரோப்பா முழுவதும் பெயர்பெற்ற நாடக மேடை அமைப்பாளரும் ஆவார். சுவர்களெங்கும் பூவேலைப்பாடு செய்த பருத்தித் துணிகள் போர்த்தப்பட்ட அந்த மாளிகை இன்று மாகாண நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

இந்த மூன்றுக்கு மேல் நான்காவது தகவல் வேண்டுமென்றால், முதல் உலகப் போரைச் சேர்க்கலாம். 1914இல் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தபோது ஆன்றிக்கு 13 வயது. அந்த ஆக்கிரமிப்பு முடிந்தபோது 18ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். போருக்குப் பின் 1919 தேர்தலிலிருந்து வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் சமமான ஒரே வாக்கு என்ற முறை நடைமுறைக்கு வந்தது. பிரபுக்களுக்கு அதுவரை இயல்பாகக் கிடைத்துவந்த அரசியல் பிடி தளர்ந்தது. தாத்தாவின் தலைமுறைக்குச் செனட்டில் காத்திருந்த இடம் பேரனின் தலைமுறைக்கு அவ்வாறு காத்திருக்கவில்லை. இருபத்தைந்து வயதில் ஒரு கவுன்டுக்கு நிறைய நேரம் கையிலிருந்ததற்கு இந்த வரலாற்றுச் சூழலும் ஒரு காரணம் என்று நியாயமாக எழுதலாம். ஆனால் அவர் மனத்தில் கசப்பு இருந்தது என்றோ, போரின் கொடுமை அவரைக் கனவுக்குள் தள்ளியது என்றோ எழுதக் கூடாது. கடிதமோ நாட்குறிப்போ கையில் இல்லாமல் ஒருவருடைய மனத்துக்குள் புகுந்து எழுதுவது இந்த வகை எழுத்தின் பெருங்குற்றம்.

பணம் எங்கிருந்து வந்தது

அடுத்து எழுப்பவேண்டிய கேள்வி இதுதான். கட்டுரையின் முதுகெலும்பாக அமையவேண்டியதும் இதுதான். படத்துக்கு யார் பணம் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எதை எதிர்பார்த்துக் கொடுத்தார் என்று கேட்காமல் சர்ரியலிசத் திரைப்படத்தைப் பற்றி எழுதுவது வீண்.

1920களில் பாரிஸில் பரிசோதனைப் படங்களுக்கான பணம் பெரும்பாலும் தனிமனிதர்களின் பையிலிருந்தே வந்தது. கவுன்ட் எத்தியென் து போமோன் 1920களின் நடுப்பகுதியில் இயக்குநர் ஆன்றி ஷோமெத்தின் தூய ஒளி விளையாட்டுப் படங்களுக்குத் துணை நின்றார். விஸ்கவுன்ட் ஷார்ல் து நொவாய் 1929இன் தொடக்கத்தில் தம் வீட்டைப் படமாக்கித் தருமாறு புகைப்படக் கலைஞர் மான் ரேயை அழைத்தார். தென்பிரான்சின் இயேர் நகரில் கட்டடக் கலைஞர் ரோபேர் மாலே-ஸ்தெவான் கட்டிக்கொடுத்த அந்தக் கனசதுர வீட்டில், நீச்சல் குளத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் விருந்தாளிகள் முகத்தில் காலுறையை மாட்டிக்கொண்டு நடித்தார்கள். 1929 செப்டம்பரில் சுயாதீனத் திரைப்படக்காரர்களின் முதல் மாநாடு கூடிய இடமும் ஒரு கோட்டைதான்: சுவிட்சர்லாந்தின் லா சரா கோட்டையில் எலேன் து மாந்த்ரோ அதற்கு இடமளித்தார், சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் அங்கே வந்திருந்தார். புரட்சியைப் பற்றிப் பேசுவதற்கும் கோட்டைதான் கிடைத்தது என்பதை வாசகர் தானே உணர்ந்துகொள்வார். அதை நீங்கள் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இயக்குநர் லூயி புனுவல் பிரபு அல்லர்; ஹவானாவில் வணிகம் செய்து செல்வம் சேர்த்து ஸ்பெயினின் கலாந்தாவுக்குத் திரும்பிய ஒருவரின் மகன். அவருடைய முதல் படத்துக்கு 1929இல் பணம் கொடுத்தது அவருடைய தாய். இரண்டாவது படமான ‘லாஜ் தோர்’ (‘பொற்காலம்’) எடுக்கப்பட்டது நொவாய் தம்பதியின் பணத்தில்; அந்தப் படத்தை ஷார்ல் தம் மனைவி மாரி-லோருக்குப் பிறந்தநாள் பரிசாக அளிக்க எண்ணியிருந்தார். அந்தப் படத்தில் ஒரு மார்க்கியின் மாளிகையில் விருந்து நடக்கிறது. குடியானவர்கள் ஏறியிருக்கும் வண்டி வரவேற்பறையின் குறுக்கே செல்கிறது, விருந்தாளிகள் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சமையலறையில் தீப்பற்றி வேலைக்காரப் பெண் விழுகிறாள், அதையும் எவரும் பொருட்படுத்துவதில்லை. இந்தக் காட்சிகளுக்கான பணத்தைக் கொடுத்தவர்கள் அத்தகைய விருந்துகளை நடத்துபவர்கள். படத்தின் இறுதிப் பகுதி 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் மார்க்கி து சாதின் நாவலுக்குள் செல்கிறது; மாரி-லோர் அந்தச் சாதின் வழித்தோன்றல், அந்த நாவலின் கையெழுத்துப் பிரதி அப்போது நொவாய் குடும்பத்தின் கையில் இருந்தது. எனவே பிரபுக் குடும்பம் இந்தப் படத்துக்குப் பணத்தை மட்டும் கொடுத்தது என்று எழுதினால் அது பாதி உண்மை. படத்தின் உள்ளடக்கத்துக்கு ஒரு பகுதியையும் அந்தக் குடும்பத்தின் பேழை கொடுத்திருக்கிறது.

பணம் கொடுத்தவர் என்ன விலை கொடுத்தார் என்பதையும் எழுதவேண்டும். 1930 அக்டோபரில் பாந்தியோன் திரையரங்கில் தனிக்காட்சிக்கு அழைக்கப்பட்ட உயர்குடியினர் வாய் திறக்காமல் வெளியேறினார்கள். பொதுக்காட்சி ஸ்டுடியோ 28 என்ற திரையரங்கில் தொடங்கிய சில நாட்களில், டிசம்பர் 3ஆம் தேதி, வலதுசாரி அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் உள்ளே புகுந்து திரையின் மீது மையை வீசினார்கள்; முன்கூடத்தில் மாட்டியிருந்த டாலி, எர்ன்ஸ்ட், மிரோ முதலியோரின் ஓவியங்களைக் கிழித்தார்கள். சில நாட்களுக்குள் காவல்துறைத் தலைவர் ஜான் ஷியாப் படத்தைத் தடைசெய்தார். பிரான்சில் அது மீண்டும் பொதுத் திரையரங்குகளுக்கு வந்தது 1981இல்தான். ஷார்ல் து நொவாய் இறந்ததும் அதே ஆண்டில். கவிஞர் ஜான் காக்தோவின் படமும் அதே பணத்தில் 1930இலேயே எடுக்கப்பட்டு, இந்தக் கலவரத்தால் 1932 வரை வெளிவராமல் கிடந்தது. அந்தப் படத்தில் நாடக அரங்கின் மாடத்தில் அமர்ந்து கைதட்டும் பார்வையாளர்களாக நொவாய் தம்பதி முதலில் நடித்திருந்தார்கள். தாங்கள் கைதட்டியது ஒரு தற்கொலைக் காட்சிக்கு என்பதைப் பின்னர் அறிந்து அதை அனுமதிக்க மறுத்தார்கள். காட்சி வேறு நடிகர்களை வைத்து மீண்டும் எடுக்கப்பட்டது. பிரபு எந்த எல்லை வரை வருவார், எந்த இடத்தில் நின்றுவிடுவார் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் நிகழ்ச்சி இன்னொன்று எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதும் வாழ்க்கையிலும் அப்படி ஒரு நிகழ்ச்சியைத் தேடுங்கள். கிடைத்தால் அதற்கு ஒரு முழுப் பத்தியை ஒதுக்குங்கள்.

இந்தப் பின்னணியை விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போமோனும் நொவாயும் பிறருடைய கனவுகளுக்குப் பணம் கொடுத்தார்கள். துர்செல் தாமே இயக்குநரின் இடத்துக்கு வந்தார். உங்கள் நாயகரை அவருடைய வர்க்கத்தைச் சேர்ந்த மற்றவர்களுக்கு அருகில் நிறுத்திப் பார்க்கும்போதுதான் அவர் எடுத்துவைத்த அடி எத்தனை நீளமானது என்பது தெரியும். தனியாக நிறுத்தினால் அவர் ஒரு விசித்திரப் பிறவியாகத் தோன்றுவார். அது அவருக்குச் செய்யும் அநீதி.

எந்தப் பெயரில் எடுத்தார்

துர்செல் தம் படத்துக்கு ஆன்றி தார்ஷ் என்ற புனைபெயரைப் பயன்படுத்தினார். புனைபெயர் கண்ட இடத்தில் குடும்பத்துக்கு அஞ்சினார் என்று எழுதிவிடுவது வழக்கம். அதை எழுதுமுன் இரண்டு செய்திகளைச் சீர்தூக்கிப் பாருங்கள். குடும்பப் பெயர் மறைந்தாலும், பிரபுக்களின் பெயருக்கு முன் நிற்கும் ‘து’ என்ற ஒட்டு (து + உர்செல், து + ஆர்ஷ்) புனைபெயரிலும் அப்படியே இருக்கிறது. அதாவது அவர் தம் குலத்தை மறைத்தார், தம் படிநிலையை மறைக்கவில்லை. அடுத்தது, குலத்தின் பெயரே 1617இல் ஒரு பெயர்மாற்றத்தில் பிறந்ததுதான். இந்த இரண்டையும் வாசகர் முன் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். அச்சம், நாணம், விளையாட்டு ஆகியவற்றுள் எது அவரைச் செலுத்தியது என்பதற்குச் சான்று தேவை. சான்று இல்லாத இடத்தில் அருகருகே வைக்கப்பட்ட இரண்டு உண்மைகள் ஊகத்தைவிட வலிமையாகப் பேசும்.

படத்தை எப்படிப் பார்ப்பது

வாழ்க்கையை எழுத வந்தவர் படத்தைப் பற்றி இரண்டு பத்தியில் முடித்துக்கொள்வது வருந்தத்தக்க வழக்கம். ஒருவர் ஒரு படம்தான் எடுத்தார் என்றால் அந்தப் படமே அவருடைய முதன்மை ஆவணம். நான் பரிந்துரைக்கும் முறை நேரம் பிடிப்பது, ஆனால் பலன் தருவது.

முதல்முறை பார்க்கும்போது படத்தைப் பற்றி எதையும் படிக்காமல் பாருங்கள். சர்ரியலிசப் படத்தில் கதைச் சுருக்கத்தை முன்னரே அறிந்தவர் கதையைத் தேடிக்கொண்டே இருப்பார். திரையில் நிகழ்வதைத் தவறவிடுவார். பார்த்து முடித்ததும், கதையை எழுதாமல், நினைவில் நிற்கும் பொருட்களையும் அசைவுகளையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை ஒரு தாளும் கடிகாரமும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, விழிப்பு எந்த இடத்தில் கனவாகிறது, அந்த மாற்றம் படத்தொகுப்பின் வெட்டினால் நிகழ்கிறதா அல்லது ஒரே சட்டகத்துக்குள்ளேயே நிகழ்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரஸ்ஸல்ஸில் உள்ள திரைப்படக் காப்பகமான சினிமாத்தெக், 1927 முதல் 1937 வரையிலான பெல்ஜியப் பரிசோதனைப் படங்களின் குறுந்தட்டுத் தொகுப்பில் ‘லா பெர்லை’ வெளியிட்டிருக்கிறது. எழுதுவதற்கு அத்தகைய காப்பகப் பதிப்பையே பயன்படுத்த வேண்டும். மௌனப் படங்கள் எடுக்கப்பட்ட வேகம் வினாடிக்கு 16 சட்டகங்களிலிருந்து 24 வரை மாறுபடும். தவறான வேகத்தில் ஏற்றப்பட்ட பிரதியில் மனிதர்கள் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு இயக்குநர் நகைச்சுவையை நாடினார் என்று எழுதிவிடக் கூடாது. பின்னாளில் சேர்க்கப்பட்ட இசையும் இதேபோல் ஏமாற்றும். ஆகவே ஒரு முறையாவது ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

‘லா பெர்ல்’ படத்தின் தொடக்கம் மிகவும் சாதாரணமானது. ஓர் இளைஞன் தன் வருங்கால மனைவிக்கு முத்து வாங்க நகைக்கடைக்குச் செல்கிறான். முத்து அவன் கையைவிட்டுப் போகிறது. அதைத் திருடிய இளம்பெண் அதைத் தன் காலுறைக்குள் மறைத்துக்கொள்கிறாள். அந்த முத்தின் பின்னால் செல்பவன் அந்தப் பெண்ணின் பின்னால் செல்பவனாகிவிடுகிறான். விடுதியின் நடைகூடங்களில் உடலோடு ஒட்டிய கறுப்பு உடையணிந்த திருட்டுப் பெண்கள் நடமாடுகிறார்கள். விழிப்பும் கனவும் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்குகின்றன. அந்தக் கறுப்பு உடை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், லூயி ஃபேயாட் 1915–16இல் எடுத்த தொடர் படத்தில் முசிடோரா அணிந்த உடைக்குச் செல்லவேண்டும். பாரிஸின் மலிவுத் திரையரங்குகளில் ஓடிய அந்தக் குற்றத்தொடரைச் சர்ரியலிஸ்டுகள் உயர்ந்த கவிதையாகக் கொண்டாடினார்கள். ஒரு கவுன்ட் தன் ஒரே படத்தில் தொழிலாளர் குடியிருப்புகளின் கேளிக்கையை நோக்கிச் சென்றார் என்பது, அவருடைய சுவையைப் பற்றி நாம் உறுதியாகச் சொல்லக்கூடிய சிலவற்றுள் ஒன்று.

இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. முத்து செல்வத்தின் குறியீடு, திருட்டு வர்க்கக் கலகத்தின் குறியீடு என்று எழுதிவிட மனம் தாவும். சர்ரியலிசப் படத்தில் பொருள் முதலில் பொருளாகவே இருக்கிறது: உருண்டு ஓடக்கூடியது, ஒளியைப் பிடிப்பது, தோலின் மீது குளிர்ச்சியாகப் படுவது. அது எப்படி ஓடுகிறது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, அப்போது கேமரா எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை முழுமையாக விவரித்த பின்பு, தேவைப்பட்டால் ஒரே ஒரு வாக்கியத்தில் வர்க்கத்தைத் தொட்டுச் செல்லலாம். விவரிப்பதற்கு முன் விளக்குபவரை நான் நம்புவதில்லை.

படத்தைத் தனியொருவரின் படைப்பாக எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். ‘லா பெர்லின்’ திரைக்கதையை எழுதியவர் கவிஞர் ஜார்ஜ் உய்ஞே; நாயகனாக நடித்தவரும் அவரே, 1906இல் பிறந்தவர், அப்போது இருபத்தைந்து வயதைத் தொடாதவர். திருட்டுப் பெண்ணாக நடித்த கிஸ்ஸா குப்ரின், புரட்சிக்குப் பின் ரஷ்யாவிலிருந்து வெளியேறிய எழுத்தாளர் அலெக்சாந்தர் குப்ரினின் மகள். பட்டத்தைப் பிறப்பால் பெற்றவர், பட்டமில்லாத கவிஞர், நாட்டை இழந்த எழுத்தாளரின் மகள் ஆகிய மூவரும் ஒரே படத்தில் சேர்ந்தது 1920களின் பாரிஸில் மட்டும் நிகழக்கூடியது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் உங்கள் கட்டுரையில் உரிய இடம் கிடைக்கவேண்டும். பிரபுவின் பெயர் கவர்ச்சியானது என்பதற்காகக் கவிஞரின் உழைப்பு அவர் கணக்கில் எழுதப்பட்டுவிடக் கூடாது.

நினைவுகளை எவ்வளவு நம்புவது

இந்தக் காலகட்டத்தைப் பற்றி மிகச் சுவையாகப் பேசியவர் புனுவல். தாய் கொடுத்த பணத்தில் பாதியை இரவு விடுதிகளில் செலவிட்டதாகவும், முதல் படத்தின் முதற்காட்சியன்று பார்வையாளர்கள் தாக்கினால் திருப்பி வீசுவதற்குச் சட்டைப்பையில் கற்களை நிரப்பிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று இசைத்தட்டுகளைச் சுழலவிட்டதாகவும் அவர் தம் முதுமையில் நினைவுகூர்ந்தார். 1929 ஜூன் 6ஆம் தேதி ஸ்டுடியோ தே உர்சுலீன் அரங்கில் நடந்த அந்தக் காட்சியில், மான் ரே நொவாய் வீட்டில் எடுத்த படமும் திரையிடப்பட்டது என்பது ஆவணச் செய்தி. கற்கள் புனுவல் சொல்லிக் கேட்டவை. கட்டுரையில் இரண்டும் இடம்பெறலாம், ஆனால் ஒரே வகையான வாக்கியத்தில் இடம்பெறக் கூடாது. ஆவணச் செய்தியை நேராக எழுதுங்கள்; நினைவுகூரலுக்கு, அதைச் சொன்னவர் யார், எத்தனை ஆண்டுகளுக்குப் பின் சொன்னார் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். பாரிஸின் உயர்குடி மன்றமான ஜாக்கி கிளப்பிலிருந்து விஸ்கவுன்ட் நொவாய் வெளியேற நேர்ந்ததும், அவரைத் திருச்சபையிலிருந்து நீக்கும் பேச்சு எழுந்ததும் இந்த இரண்டாம் வகையில் சேர்க்கவேண்டியவை. அவை பொய் என்பது என் கருத்தன்று. திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதைகள் ஒவ்வொரு முறையும் சற்று மெருகேறும் இயல்புடையவை, அவ்வளவுதான்.

பிரபுக்கள் பொதுவாக நினைவுக்குறிப்பை விடக் கடிதங்களில் தெளிவாகப் பேசுகிறார்கள். நொவாய்க்கும் புனுவலுக்கும் இடையிலான கடிதங்கள் 1993இல் பாரிஸின் போம்பிடு மையத்தால் அச்சிடப்பட்டுள்ளன. படத்துக்கான செலவு, பிரதிகளை எங்கே வைப்பது, யாருக்குக் காட்டுவது என்ற வறண்ட பேச்சுகளில்தான் ஒரு புரவலரின் உண்மையான துணிச்சலும் அச்சமும் வெளிப்படும். கணக்கு வழக்குள்ள கடிதத்தைக் கண்டால் தாண்டிச் செல்லாதீர்கள்.

அவர் சர்ரியலிஸ்டா

கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1924இல் சர்ரியலிச அறிக்கை வெளியிட்ட பிறகு சர்ரியலிசம் என்பது ஒரு பாணியின் பெயராக மட்டுமல்லாமல் ஒரு குழுவின் பெயராகவும் இருந்தது; அதில் சேர்ப்பும் நீக்கமும் முறையாக நடந்தன. உய்ஞே அந்தக் குழுவில் சேர்ந்தது 1932இல், அதாவது ‘லா பெர்லுக்கு’ மூன்றாண்டுகள் கழித்து. காக்தோவைக் குழுவினர் தங்களுள் ஒருவராக ஏற்றதே இல்லை. எனவே குழுவில் இருந்தவரா, குழுவின் அருகில் இருந்தவரா, பின்னாளைய விமர்சகர்களால் அவ்வாறு அழைக்கப்பட்டவரா என்பதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். துர்செல் குழுவின் உறுப்பினராக அன்றி, அதன் விளிம்பில் நின்று அதே கனவுகளைப் பகிர்ந்துகொண்டவராகவே எழுதப்படவேண்டியவர்.

படத்துக்குப் பின்னால் வந்த ஆண்டுகள்

பெரும்பாலான கட்டுரைகள் 1929ஐயோ 1930ஐயோ தாண்டியதும் ஒரே வரியில் மரணத்துக்குத் தாவிவிடுகின்றன. துர்செலுக்குப் படத்துக்குப் பின் 45 ஆண்டு வாழ்க்கை இருந்தது. அதை அவர் திரைப்படத்துக்கு வெளியே கழிக்கவும் இல்லை.

முதலில், அவர் ஏன் மீண்டும் இயக்கவில்லை என்ற கேள்வியை அவருடைய மனத்தில் தேடாமல் அந்தக் காலத்தின் நிலைமைகளில் தேடுங்கள். 1927 அக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கிய பேசும்பட அலை 1929–30இல் ஐரோப்பாவை மூழ்கடித்தது. மௌனப் படத்தை ஒரு கேமராவும் நண்பர்களும் இருந்தால் எடுத்துவிடலாம். பேசும் படத்துக்கு ஒலிப்பதிவுக் கூடமும் உரிமக் கட்டணமும் அவற்றுக்கேற்ற கருவி பொருத்திய அரங்குகளும் தேவைப்பட்டன. ஒரு தனிமனிதர் தம் பையிலிருந்து செலவிட்டுப் படமெடுக்கும் காலம் அத்துடன் சுருங்கியது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து, அடுத்த ஆண்டுகளில் அதன் விளைவு ஐரோப்பாவுக்கும் வந்தது. நொவாய் தம்பதியும் கலவரத்துக்குப் பின் அத்தகைய பெரும்படத்துக்குத் திரும்பவில்லை; பிற்காலத்தில் ஷார்ல் தோட்டக்கலையில் ஆழ்ந்து, அதில் மதிக்கப்படும் அறிஞரானார். பெல்ஜியத்தில் திரைப்படம் வேறு திசையில் சென்றது. ஆன்றி ஸ்டோர்க், யோரிஸ் ஐவன்ஸுடன் சேர்ந்து 1933இல் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வறுமையைப் படமாக்கினார். கனவுக்கு இடம் குறைந்திருந்த அந்தச் சூழலில்தான் துர்செலின் மௌனத்தை வைத்துப் பார்க்கவேண்டும்.

1937இல் அவர் புதிய திரைக்கதைகளுக்காக ஒரு பரிசை நிறுவினார். அதற்கு ‘படிமப் பரிசு’ என்று பொருள்படும் பெயரை இட்டார். தம் படத்துக்குக் கவிஞர் ஒருவரின் திரைக்கதை கிடைத்த அனுபவமுடையவர், கேமராவை விட்டு எழுதுகோலுக்குப் பரிசளித்தார் என்பதைக் கவனத்தோடு பதிவு செய்யுங்கள். அடுத்த ஆண்டு, 1938இல், ஸ்டோர்க், ஆந்த்ரே திரிஃபாய்ஸ், பியேர் வெர்மெய்லன் ஆகியோர் பெல்ஜிய சினிமாத்தெக்கை நிறுவினார்கள். துர்செல் பின்னர் அதன் துணைத் தலைவர் பொறுப்பில் இருந்தார். அந்தப் பொறுப்பின் கனத்தை வாசகருக்கு உணர்த்த, அன்றைய படச்சுருளின் தன்மையை விளக்குங்கள். 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பற்றினால் நீரிலும் அணையாது. பாதுகாப்பின்றி வைத்தால் ஒட்டிக்கொண்டு கூழாகி, இறுதியில் தூளாகும். பேசும் படம் வந்த பிறகு மௌனப் படங்களுக்கு வணிக மதிப்பு இல்லாமற்போனதால், அவற்றிலிருந்த வெள்ளிக்காக அவை உருக்கப்பட்டன. உலகின் மௌனப் படங்களில் பெரும்பகுதி இவ்வாறுதான் அழிந்தது. காப்பகக் குழுக்கூட்டங்களில் அமர்ந்து இடமும் பணமும் தேடித் தருவதில் எவ்விதக் கவர்ச்சியும் இல்லை. ஆயினும் அங்கே பட்டமும் தொடர்புகளும், 1929இல் செய்ததைப் போலவே, படங்களுக்குத் துணை நின்றன. என் கணிப்பில் அவருடைய வாழ்க்கையின் இரண்டாம் பகுதி முதல் பகுதிக்குச் சமமான பக்கங்களைக் கோரக்கூடியது.

எழுதி முடித்த பின் பிரதியை ஒருமுறை இந்த ஒரு நோக்கத்துக்காக மட்டும் படியுங்கள்: பட்டம், பணம், குடும்பம் ஆகியவை வரும் ஒவ்வொரு இடத்திலும், அவை அவரை எதைச் செய்யவிடாமல் தடுத்தன என்று எழுதியிருக்கிறீர்களா, எதைச் செய்யவைத்தன என்று எழுதியிருக்கிறீர்களா என்று பக்க ஓரத்தில் குறியுங்கள். முதல் வகைக் குறிகள் மட்டும் நிறைந்திருந்தால், பணத்தைப் பற்றிய பகுதிக்குத் திரும்பிச் சென்று, ஒவ்வொரு கூற்றுக்கும் உங்களிடம் என்ன ஆவணம் இருக்கிறது என்று சரிபார்த்து, ஆவணமில்லாதவற்றை நீக்கிவிட்டு மீண்டும் எழுதுங்கள்.